ஹாக்கி மட்டையும் பத்தாம் வகுப்பும்: கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த ஒரு பெற்றோருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு, கத்தோலிக்கத் துறவு சபைகளில் ஒன்றான இயேசு சபையினர் நடத்தும் அரசு உதவிபெறும் மேனிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். பள்ளி விடுதியிலேயே தங்கிப் படிக்கப்போகிறான். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஹாக்கி அணிக்கும் என்.சி.சி.க்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டப்போகும் முதல் ஆளும் அவன்தான். ஆகவே இவற்றில் எதை விடச் சொல்வது என்று கேட்கிறீர்கள். இந்துக் குடும்பத்துப் பிள்ளை என்பதால், வழிபாட்டிலும் சமயப் பாடத்திலும் கட்டாயம் இருக்குமோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளை அடுத்து எங்கே சேர்ப்பது என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள்.

கத்தோலிக்கத் துறவு சபைகள் நடத்தும் இரண்டு பள்ளிகளில் மொத்தம் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். அதில் 9 ஆண்டுகள் விடுதி மாணவர்களின் இரவுப் படிப்பையும் மேற்பார்வை செய்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதையும் விடச் சொல்லாதீர்கள். ஆனால் பள்ளிக்குப் போய் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். என் பிள்ளை போட்டிக்கும் முகாமுக்கும் போன நாளில் வகுப்பில் நடந்த பாடத்தை அவனுக்கு யார், எப்போது திரும்ப நடத்துவார்கள் என்பதே அந்தக் கேள்வி. விளையாடியதால் படிப்பில் பின்தங்கிய மாணவர்கள் என்று பிறர் எனக்குக் காட்டிய ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் குறிப்பிட்ட சில நாட்களின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அந்தப் பக்கங்களை நிரப்பித் தரவேண்டியவர்கள் நாங்கள்தான் என்பதை உணர எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் பள்ளி மைதானத்தின் மேற்கு ஓரத்தில் நான்கு படிகள் கொண்ட ஒரு சிறிய கேலரி இருந்தது. பக்கத்துப் பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் நடக்கும் ஆகஸ்ட் மாதத்தில், மாலை ஐந்தரை மணிக்கு மேல் அங்கே எங்கள் மூத்த அறிவியல் ஆசிரியர் வந்து உட்காருவார். கையில் கரும்பலகை வண்ணம் பூசிய ஒரு பலகைத் துண்டும் சட்டைப்பையில் இரண்டு சுண்ணக்கட்டியும் இருக்கும். இரண்டு நாள் போட்டிக்குப் போய்த் திரும்பிய நான்கு பையன்களை ஒருநாள் அவர் அப்படி உட்காரவைத்திருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒருவன் முழங்கால் காப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. விட்டுப்போனது வேதிவினைகளின் வகைகள் என்ற பாடம். அவர் பலகையில் எதையும் எழுதுவதற்கு முன் இருவரை எழுந்து கைகோத்து நிற்கச் சொன்னார். மூன்றாமவன் வந்து ஒருவனுடைய கையை விடுவித்துத் தன் கையைக் கொடுத்தான். அது இடப்பெயர்ச்சி வினை என்றார். பிறகு நால்வரும் முறைவைத்து அவருக்கே பாடம் நடத்த வேண்டியிருந்தது. சிதைவு வினையைச் சொல்லத் தெரியாமல் ஒருவன் தடுமாறியபோது, அடுத்தவனைக் கேட்காமல் அவனுக்காகவே காத்திருந்தார். மொத்தமும் 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த நால்வரும் அந்த மாதத் தேர்வில் முதலிடம் பெற்றார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பாடத்தில் மற்றவர்களைப் போலவே எழுதினார்கள், அது போதுமானதாக இருந்தது.

அவர் தாமாகக் கண்டுபிடித்த வழக்கம் என்று அன்று நான் நினைத்திருந்தேன். பின்னாளில் இயேசு சபையின் கல்வி வரலாற்றைப் படித்தபோதுதான், அந்தக் கேலரிப் படியில் நடந்ததற்கு 400 ஆண்டுக்கும் மேற்பட்ட வேர் இருப்பது தெரிந்தது. இயேசு சபை 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. துறவிகளாகப் போகாத பொது மாணவர்களுக்கான அதன் முதல் பள்ளி 1548-இல் சிசிலியின் மெசினா நகரில் தொடங்கியது. அரை நூற்றாண்டுக் காலம் பல நாட்டுப் பள்ளிகளில் பார்த்துத் திருத்திய பிறகு, 1599-இல் ராசியோ ஸ்டுடியோரும் என்ற பெயரில் தங்கள் பள்ளிகள் எல்லாவற்றுக்குமான ஒரு பொதுக் கல்வித் திட்டத்தை வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தின் உயிர்நாடி திரும்பச் சொல்லுதல். நேற்றைய பாடத்தைச் சொல்லாமல் இன்றைய பாடம் தொடங்காது; சனிக்கிழமை வந்தால் அந்த வாரத்துப் பாடம் முழுவதும் திரும்ப வரும். மாணவன் கேட்பதோடு நிற்காமல் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

அதே திட்டத்தில்தான் நாம் இன்று மன்றம், கழகம் என்று சொல்லும் அமைப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்கு அகாதெமி என்று பெயர். விருப்பமுள்ள மாணவர்கள் வகுப்பு நேரத்துக்கு வெளியே கூடிச் சொற்பொழிவும் விவாதமும் கவிதை வாசிப்பும் நடத்துவார்கள். தங்களுக்குள் ஒருவரையே வாக்களித்துத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆசிரியர் ஒருவர் உடனிருந்து வழிநடத்துவார். நாடகம் இப்பள்ளிகளின் மற்றோர் அடையாளம். லத்தீன் மொழியை மேடையில் பேசிப் பழகுவதற்கென்றே மாணவர்கள் நாடகம் போட்டார்கள். ஆகவே படிப்பு ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம் என்ற பிரிவினை இவர்களுடைய தொடக்ககாலப் பள்ளிகளில் இல்லை. வகுப்பில் கற்றதை வேறோர் இடத்தில் வேறொரு விதத்தில் திரும்பச் சொல்வதற்கான ஏற்பாடாகவே இவை அனைத்தும் பிறந்தன.

தமிழ்நாட்டுக்கு இந்த மரபு நேராக வந்து சேரவில்லை. 1773-இல் சபை கலைக்கப்பட்டு, 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையினர் தங்கள் சபையின் பழைய சமயப் பணிப் பகுதியான மதுரை மறைத்தளத்துக்குத் திரும்பினர். 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. இன்று தெப்பக்குளத்தை ஒட்டி நிற்கும் அந்த வளாகத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. உங்கள் மகனின் பள்ளியில் காலை வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் புத்தகத்தைத் திறக்காமல் நேற்று என்ன பார்த்தோம் என்று கேட்டால், அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

கத்தோலிக்கப் பள்ளி என்றாலே எல்லாம் ஒரே வார்ப்பு என்று எண்ணிவிடக் கூடாது. சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சாவூரில் கால்வைத்தார்கள். அவர்களுடைய நிறுவனர் புனித ஜான் போஸ்கோ இத்தாலியின் தூரின் நகரத் தெருக்களில் வேலைதேடி அலைந்த சிறுவர்களைத் திரட்டிப் பணியாற்றியவர். 1877-இல் அவர் எழுதிய தடுப்புமுறைக் கல்வி பற்றிய சிறு கட்டுரையில், பிள்ளைகள் விரும்பியபடி குதிக்கவும் ஓடவும் கூச்சலிடவும் தாராளமாக விட்டுவிட வேண்டும் என்றும், விளையாட்டும் இசையும் நாடகமும் உலாவும் ஒழுங்கைக் காப்பதற்கான சிறந்த வழிகள் என்றும் சொல்கிறார். தண்டித்துத் திருத்துவதைவிட, தவறு நேராதபடி உடனிருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. அதனால்தான் சலேசியப் பள்ளிகளில் ஃபாதர்களே மாலையில் மைதானத்தில் பையன்களோடு ஓடுவதைப் பார்க்கலாம். இயேசு சபைப் பள்ளியில் மேடையும் விவாதமும் ஓங்கி நிற்கும். சலேசியப் பள்ளியில் மைதானமும் பேண்டு வாத்தியமும் ஓங்கி நிற்கும். இது பொதுவான போக்குதான்; பள்ளிக்குப் பள்ளி மாறும், அதைவிடத் தலைமையாசிரியருக்குத் தலைமையாசிரியர் மாறும்.

இனி உங்கள் மகனின் நேரக் கணக்குக்கு வருவோம். விடுதியில் நான் மேற்பார்வை பார்த்த ஆண்டுகளில் காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆறு முதல் ஏழு வரை ஒரு படிப்பு, மாலை ஆறரை முதல் எட்டு வரை ஒன்று, இரவு உணவுக்குப் பின் எட்டரை முதல் ஒன்பதரை வரை மற்றொன்று. ஆகப் பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம் அவன் புத்தகத்தின் முன் உட்கார்ந்தே தீர வேண்டும். ஹாக்கிப் பயிற்சி மாலை நாலரை முதல் ஆறு வரை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அணியில் இல்லாத பையன்களும் படித்துக்கொண்டிருக்கவில்லை, வராந்தாவில் உலாவிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். விடுதிப் பிள்ளைக்கு விளையாட்டு எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் படிப்பு நேரத்திலிருந்து போவதில்லை. தினமும் வீட்டிலிருந்து பேருந்தில் வந்துபோகும் பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு கடுமையாகும். பயிற்சி முடிந்து ஊர்ப் பேருந்தைப் பிடித்து ஏழரைக்கு வீடு சேரும் பையனைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால், என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

இரவுப் படிப்பில் நான் கவனித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போய்வந்த பையன்கள் முதல் அரைமணி நேரம் தூங்கி விழுவார்கள். நாங்கள் அவர்களை எழுப்பி நிற்கவைப்பது வழக்கமாக இருந்தது. ஒரு புதிய விடுதிக் காப்பாளர் வந்தபோது அந்த நேரத்துக்கு வாசிப்பை விலக்கிக் கணக்கையும் வரைபடத்தையும் வைத்தார். கை வேலை செய்யும்போது கண் மூடுவதில்லை. அந்தச் சிறிய மாற்றத்துக்குப் பிறகு நிற்கவைக்கும் வழக்கமே ஒழிந்துபோனது. வார இறுதியில் மகனைப் பார்க்கப் போகும்போது காப்பாளரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் முதலில் பணியாற்றிய பள்ளியில், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கான உடற்கல்விப் பாடவேளைகளைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்வேன். உடற்கல்வி ஆசிரியர் எதுவும் சொல்லமாட்டார். ஓர் ஆண்டு, பேண்டில் பக்கமேளம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனைத் திருப்புதல் தேர்வில் 38 மதிப்பெண் வாங்கினான் என்பதற்காக நான்தான் தலைமையாசிரியரிடம் சொல்லி பேண்டிலிருந்து நிறுத்தினேன். அதற்கு முன்பு அவன் வகுப்பில் கேள்வி கேட்பவன். பிறகு கேட்கவில்லை. நான் நடத்திய கூடுதல் வகுப்புகள் அனைத்துக்கும் ஒழுங்காக வந்தான், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான், எழுதச் சொன்னதை எழுதினான். பொதுத்தேர்வில் கணிதத்தில் 41 வாங்கித் தேர்ச்சி பெற்றான். மூன்று மதிப்பெண்ணுக்காக நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்பதை, குடியரசு தின அணிவகுப்பில் அவனுடைய பக்கமேளத்தை வேறொருவன் மாட்டிக்கொண்டு போனபோது அவன் வேலியோரம் நின்று பார்த்த பார்வையில்தான் புரிந்துகொண்டேன். பள்ளியில் அவனால் நன்றாகச் செய்ய முடிந்த ஒரே வேலை அதுவாக இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் பலருக்கு, தன்னால் ஒன்றைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வகுப்பறைக்கு வெளியில் கிடைத்த பிறகே வகுப்பறைக்குள் வருகிறது. அந்த வெளிவாசலை அடைத்துவிட்டு உள்ளே என்ன நடத்தினாலும் அது அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

உங்கள் மகனின் இரண்டு விருப்பங்களில் என்.சி.சி.யைப் பற்றித் திட்டமிட வேண்டியது இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசிய மாணவர் படையில் பள்ளி மாணவர்களுக்கான ஜூனியர் பிரிவு இரண்டு ஆண்டுப் பயிற்சி. முடிவில் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டு சரியாகப் பத்தாம் வகுப்பில் வந்து விழுகிறது. சான்றிதழ்த் தேர்வு எழுதப் பரேடு வருகையும் ஆண்டுப் பயிற்சி முகாமும் வேண்டும். முகாம் பத்து நாள். ஆகவே அந்த முகாமை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடும்படி என்.சி.சி. அலுவலராக இருக்கும் ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். பத்தாம் வகுப்பில் பரேடு மட்டும் மீதமிருக்கும், அது வாரத்தில் சில மணி நேரம்தான். பரேடு முடிந்து கிடைக்கும் சிற்றுண்டிக்காகவே சேரும் பையன்களும் உண்டு, அதில் தவறொன்றும் இல்லை. அப்படிச் சேர்ந்து கடைசிவரை நின்றவர்களை நான் அறிவேன்.

ஹாக்கிக்கு அப்படி முன்கூட்டி முடித்துவைக்க வழியில்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் படிப்படியாகப் போகும். அணி வெல்ல வெல்ல வகுப்பு போகும். ஆனால் இந்தப் போட்டிகளின் பெரும்பகுதி கல்வியாண்டின் முதல் பாதியில் முடிந்துவிடுவதால், திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் நேரத்தில் மைதானம் தானாகவே ஓய்ந்துவிடும். அவன் வாங்கிவரும் பங்கேற்புச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எந்த அளவிலான போட்டிச் சான்று வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கை விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கீட்டை நம்பி விளையாடவைக்காதீர்கள். அந்த இடங்கள் மிகச் சிலருக்கே கிடைக்கும்.

பத்தாம் வகுப்பைத் தாண்டியபின் ஒரு நல்ல இடைவெளி இப்போது திறந்திருக்கிறது. 2017-18 கல்வியாண்டில் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தத் தேர்வு இருந்த ஆண்டுகளில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகள் திருப்புதல் தேர்விலேயே வாழ்ந்தார்கள். மேனிலை வகுப்பு நாடகக் குழுவும் இதழ்க் குழுவும் எங்கள் பள்ளியில் அந்த ஆண்டுகளில்தான் ஆளில்லாமல் நின்றுபோயின. உங்கள் மகன் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரலாம். அதன் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒரு கிராமத்தில் தங்கி நடப்பது. கிராமத்திலிருந்து வந்த உங்கள் மகன் அங்கே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிலையில் இருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் கேட்காத ஓர் இயக்கத்தையும் சொல்லத் தோன்றுகிறது. கத்தோலிக்க மாணவர்களுக்கு இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் என்றும், எல்லாச் சமய மாணவர்களும் சேர்ந்திருக்கும் இடங்களில் இளம் மாணவர் இயக்கம் என்றும் அதற்குப் பெயர். அதன் செயல்முறை பெல்ஜிய நாட்டுக் குருவான ஜோசப் கார்டைன் தொழிலாளர் இளைஞர்களிடையே வளர்த்தது: முதலில் பார், பிறகு சீர்தூக்கு, பிறகு செயல்படு. எங்கள் பள்ளியில் இக்குழுவினர் ஒரு முறை, வகுப்பில் மூன்று பேர் மட்டும் திங்கட்கிழமைதோறும் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். மூவருக்கும் ஒரே ஊர்; சந்தை நாளில் அந்த ஊர்ப் பேருந்து நிறைந்து நிற்காமல் போய்விடுகிறது. போக்குவரத்துக் கிளைக்கு மனு எழுதினார்கள். பேருந்தில் மாற்றம் எதுவும் வரவில்லை. பிறகு தலைமையாசிரியரிடம் போனார்கள். திங்கட்கிழமைகளில் அம்மூவரையும் வாசலில் நிறுத்திவைக்கும் தண்டனை நின்றது. மனு எழுதக் கற்றுக்கொண்டதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஏன் தாமதமாக வருகிறான் என்று யோசிக்கக் கற்றுக்கொண்டதே அதில் பெரிது. 1973-இல் வலென்சியா நகரில், இயேசு சபையின் அன்றைய தலைவர் பேத்ரோ அருப்பே அச்சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்த அவையில், பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம் என்றும், நீதிக்காக உழைக்க உங்களுக்கு நாங்கள் போதிய அளவு கற்றுத்தரவில்லை என்றும் வெளிப்படையாகப் பேசினார். கேட்டவர்களில் சிலர் கோபப்பட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு இச்சபைப் பள்ளிகளில் சமூகப் பணி என்பது ஆண்டு விழா அறிக்கையில் ஒரு வரியாக மட்டும் இருக்க முடியாது என்ற நிலை வந்தது.

சமயம் பற்றிய உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு தருகிறது. அதே அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு, அரசு ஏற்பளித்த அல்லது அரசு உதவிபெறும் நிறுவனத்தில் படிக்கும் எவரையும், சிறுவராயின் பெற்றோரோ காப்பாளரோ இசைவு தராமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில், கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமயப் பாடத்துக்கு, போகும் பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு செபம் சொல்லப்படும், தமிழ்த்தாய் வாழ்த்து பாடப்படும், உங்கள் மகன் அமைதியாக நின்றால் போதும். விடுதியில் மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பலி என்னும் கோயில் பூசை நேரத்தில் பிற சமயப் பிள்ளைகளைப் படிப்பறையில் இருக்கவிடும் விடுதிகள் உண்டு. இரவுச் செபத்துக்கு எல்லாரும் ஒன்றாகக் கூடும் விடுதிகளும் உண்டு. அந்த இரவுக் கூட்டத்தில், அன்று நடந்ததை ஒவ்வொருவரும் தனக்குள் சில நிமிடம் எண்ணிப் பார்க்கும் வழக்கம் இயேசு சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளிலிருந்து வந்தது. என் விடுதியில் இருந்த இந்து, இஸ்லாமியப் பிள்ளைகள் அதை விரும்பியே செய்தார்கள். ஆனாலும் உங்கள் இசைவு உங்களுடையது. வேண்டாமென்று தோன்றினால் தயங்காமல் சொல்லலாம், அதனால் பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது.

இப்பள்ளிகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. 1599-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே மாணவர்களை எதிரெதிர் அணிகளாகப் பிரித்துப் போட்டியிடவைக்கும் முறை இருந்தது. இன்று அது நான்கு வண்ண அணிகளாகவும் கோப்பைகளாகவும் தொடர்கிறது. போட்டி நல்லதுதான். ஆனால் 2,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் அதே முப்பது பேர் பேச்சுக்கும் பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் மேடையேறிப் பரிசு வாங்குவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மீதிப் பேர் கைதட்டுவதற்காக வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அணித் தேர்வில் உங்கள் மகன் விடுபட்டால், பயிற்சிக்காவது தொடர்ந்து வரலாமா என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். வரலாம் என்று சொல்பவர் நல்ல ஆசிரியர். அவர் அந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். ஃபாதர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். மைதானத்தை உயிரோடு வைத்திருப்பவர் அங்கேயே நிலைத்திருக்கும் ஒருவர்தான். இலங்கையின் மட்டக்களப்பில் புனித மைக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு ஹரால்டு வெபர் அந்நகரப் பிள்ளைகளின் விளையாட்டுக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். அந்நகரின் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அப்படி ஒருவர் நிலைத்து நின்ற இடத்தில் விளையாட்டு ஊரின் வழக்கமாகவே மாறிவிடுகிறது.

மகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊர்களில் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் விளையாட்டிலிருந்து முதலில் நிறுத்தப்படுகிறார்கள். எட்டாம் வகுப்புவரை ஓடிய பிள்ளை ஒன்பதில் ஸ்கோர் எழுத உட்கார்ந்துவிடுவாள். கன்னியர் (சிஸ்டர்கள்) நடத்தும் பெண்கள் பள்ளிகளில் சுற்றுச்சுவருக்குள்ளேயே மைதானமும், பெரும்பாலும் பெண் உடற்கல்வி ஆசிரியையும் இருப்பதால், அங்கே எறிபந்தும் கோ-கோவும் பன்னிரண்டாம் வகுப்புவரை தொடர்வதைக் கண்டிருக்கிறேன். நீங்கள் பார்க்கும் பள்ளியில் மாலை ஐந்து மணிக்கு ஒருநாள் போய் நில்லுங்கள். மேல்வகுப்புப் பெண்கள் மைதானத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். தேர்ச்சி விழுக்காடு எழுதிய பலகையைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக, மகனுடைய பள்ளிக்குப் போகும்போது செய்யவேண்டியது. ஹாக்கி மட்டையைப் பெரும்பாலும் பள்ளியே கொடுக்கும். பூட்ஸையும் முழங்கால் காப்பையும் நீங்கள் வாங்க வேண்டியிருக்கலாம், அளவைக் கேட்டு வாங்கிப் போங்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கும்போது, அணி எந்தெந்தத் தேதிகளில் வெளியூர் போனது என்று அவனிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறிவியல் நோட்டையும் கணக்கு நோட்டையும் வாங்கி, அந்தத் தேதிகளுக்கான பக்கங்களைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் பாடம் புரிய வேண்டியதில்லை, அவன் கையெழுத்து அங்கே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் அதை யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேளுங்கள். அந்த ஆசிரியரின் பெயரை அவன் தயங்காமல் சொல்வான். பக்கம் வெறுமையாக இருந்தால், திங்கட்கிழமை காலைவரை தங்கி வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறுங்கள்.